மேல் செட்டு உட்காரும், கீழ் செட்டு ஆடும்

‘பல்செட்டா, இம்ப்ளான்டா? உங்கள் சந்தேகங்களை அனுப்புங்கள்’ என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். (இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் ஸ்க்ரூ போல ஒன்றை ஏற்றி, அதன்மேல் பல் கட்டுவது.) வந்த கடிதங்களில் பாதி ‘பல் போனால் சொல் போச்சு’ என்றே ஆரம்பிக்கின்றன. என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல் போவதில்லை, சோறுதான் போகிறது. அதனால் சாப்பாட்டை முன்னால் வைத்தே பதில் சொல்கிறேன். மதுரை சிம்மக்கல் பக்கம் கிளினிக் வைத்திருக்கும், பல் கட்டுவதையே தனிப் படிப்பாகப் படித்த டாக்டர் என்ற முறையில் சொல்வது இது. உங்கள் வாயைப் பார்க்காமல் சொல்கிறேன் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 67 வயது. எல்லாப் பல்லும் போய், ஆறேழு வருடத்துக்கு முன்னால் மேலும் கீழும் பல்செட்டு கட்டினோம். மேல் செட்டில் குறையில்லை. கீழ் செட்டு பேசினாலே எழும்பி வருகிறது. சாப்பிடும்போது கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு ஈறாலேயே மெல்லுகிறார். ஒரு கிளினிக்கில் காட்டினோம். மேலே ஆறு, கீழே ஆறு இம்ப்ளான்ட் வைத்து நிரந்தரமாகக் கட்டலாம், ஆறரை லட்சம் ஆகும் என்றார்கள். நிலத்தை அடமானம் வைத்தாவது செய்யலாம் என்கிறார் அண்ணன். அம்மாவோ, “சாகப்போற கெழவிக்கு ஆறு லட்சத்துல பல்லாடா?” என்கிறார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு. எலும்பில் ஸ்க்ரூ ஏற்றினால் கேன்சர் வரும் என்று பக்கத்து வீட்டில் வேறு பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். என்ன செய்யலாம், டாக்டரம்மா?
– வாசகர், மேலூர்

பதில்: நிலத்தில் கை வைக்காதீர்கள். அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ‘மேல் செட்டில் குறையில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். குறையில்லாத இடத்தில் ஆறு இம்ப்ளான்ட் எதற்கு?

மேல் செட்டு ஏன் நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு அண்ணம் முழுக்க இடம் இருக்கிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளுமே, அதே மாதிரி எச்சில் படலம்தான் மேல் செட்டை அண்ணத்தோடு பிடித்து வைக்கிறது. கீழே அண்ணம் கிடையாது. குதிரை லாடம் போல வளைந்த ஒரு ஒல்லி மேடு, அவ்வளவுதான். உள்பக்கம் நாக்கு தள்ளும், வெளிப்பக்கம் கன்னமும் உதடும் தள்ளும். போதாததற்கு அந்த மேடும் வருடா வருடம் கரைகிறது. பல் வேர் இருந்தவரை தாடை எலும்புக்கு வேலை இருந்தது. வேர் போனதும் வேலை போய் எலும்பு குறைய ஆரம்பிக்கிறது. முதல் வருடத்தில்தான் அதிகம்; அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்காமல். பல்செட்டு கட்டியவர்களை 25 வருடம் தொடர்ந்து பார்த்து எழுதிய ஆய்வு ஒன்று 1972-லேயே வந்தது. கீழ்த் தாடை, மேல் தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு கரைவதாக அது காட்டியது. ஆகவே உங்கள் அம்மாவின் கீழ் செட்டு ஆடுவதற்குக் கட்டிய டாக்டரையும் திட்ட வேண்டாம், அம்மாவையும் திட்ட வேண்டாம். ‘எல்லாரும் போடறாங்க, ஒனக்கு மட்டும் என்ன?’ என்று பிள்ளைகள் கேட்பதும், அந்த அம்மாக்கள் செட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து என் மேஜையில் அவிழ்த்து வைப்பதும் நான் வழக்கமாகப் பார்க்கிறதுதான்.

முதல் வேலை, செலவே அதிகமில்லாதது. ஆறேழு வருடச் செட்டு என்றால் அதன் அடிப்பக்கம் இன்றைய ஈறுக்குப் பொருந்தாது. அளவெடுத்து அடிப்பக்கத்தை மட்டும் நிரப்பித் தருவதை ரீலைன் என்போம். பற்கள் தேய்ந்திருந்தால் புது செட்டே கட்டலாம். மேடு ஓரளவு மீதி இருக்கிறவர்களுக்கு இதுவே போதும். வீடு திரும்பிய இரண்டாம் வாரத்தில் முறுக்கைக் காபியில் நனைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

அதில் சரிவரவில்லை என்றால், அந்தக் கிளினிக்கில் உங்களிடம் சொல்லாமல் விட்ட நடுவழி ஒன்று உண்டு. கீழ்த் தாடையின் முன்பக்கம், சிங்கப்பல் இருந்த இடங்களில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என இரண்டே இரண்டு இம்ப்ளான்ட். அதன் தலையில் பட்டன் போல ஒரு பிடிமானம். கழற்றி மாட்டும் செட்டு அதில் ‘டக்’கென்று உட்காரும். இரவில் கழற்றலாம், கழுவலாம், சாப்பிடும்போது எழும்பாது. இது நான் கண்டுபிடித்த சிக்கனம் இல்லை. 2002-இல் கனடாவின் மாண்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சை வெறும் பல்செட்டு அல்ல, இரண்டு இம்ப்ளான்ட் மேல் உட்காரும் பல்செட்டுதான் என்று அறிவித்தார்கள். நம் ஊரில் இரண்டு முனைகளைப் பற்றித்தான் பேச்சு: ஒன்று சாதா செட்டு, இல்லையென்றால் வாய் முழுக்க ஸ்க்ரூ.

முன்பக்கம் ஏன் என்றால், கீழ்த் தாடையில் கடைசிவரை ஓரளவு மிஞ்சுகிற கெட்டியான எலும்பு அங்கேதான். பின்பக்கம் தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. அது உதட்டோரம் வெளியே வந்துவிடுவதால், முன்பக்கம் துளை போடுவது ஆபத்துக் குறைந்த வேலை. உதடு மரக்க ஊசி போட்டுச் செய்வதுதான், முழு மயக்கம் தேவையில்லை. எலும்பு பிடிக்கக் கீழ்த் தாடையில் ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை பழைய செட்டையே உள்பக்கம் மெத்தென்று ஆக்கிப் போட்டுக்கொள்ளலாம். செட்டு நல்ல நிலையில் இருந்தால் அதிலேயே குடைந்து பிடிமானத்தைப் பொருத்தவும் முடியும். பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் விலை வித்தியாசம் என்ன என்று உங்களுக்கே தெரியும். ஒரு செலவு மட்டும் நிற்காது: பிடிமானத்துக்குள் இருக்கும் சின்ன வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். அதன் விலையையும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இருப்பது தடையில்லை. கட்டுப்படாத சர்க்கரைதான் தடை. வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையைக் காட்டி ‘நார்மல்தான்’ என்பார்கள். டாக்டரிடம் போவதற்கு முதல்நாள் பட்டினி கிடந்தால் பலருக்கு நார்மலாகக் காட்டிவிடும். எனக்கு வேண்டியது மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி. அது 7-ஐ ஒட்டி இருந்தால் தைரியமாகச் செய்யலாம். 9, 10 என்றால் முதலில் சர்க்கரை டாக்டர், அப்புறம்தான் நான். புண் ஆறாமல் எலும்பு பிடிக்காது.

பக்கத்து வீட்டுக் கேன்சர் கதைக்கு வருவோம். அது ஸ்க்ரூதான், ஆனால் இரும்பு இல்லை, டைட்டானியம். ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் 1950-களில் முயல் காலெலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த வைத்தியம். 1965-இல் ஒரு மனிதருக்குக் கீழ்த் தாடையில் வைத்தார். அந்த மனிதர் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது வருடம் அதே இம்ப்ளான்டில்தான் சாப்பிட்டார். பயப்பட வேண்டியது கேன்சருக்கு அல்ல, அழுக்குக்கு. இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறு வீங்கும், எலும்பு கரையும், பல் ஆடுவது போல அதுவும் ஆடி விழும். தினமும் சுத்தம் செய்யவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டவும் முடியாதவர்களுக்கு ஒன்றுகூட வைக்கக்கூடாது என்பது என் கட்சி.

பணம் கட்டுவதற்கு முன்னால் எலும்பின் அகலம் உயரம் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்தார்களா என்று பாருங்கள். வெறும் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் பன்னிரண்டு என்று எண்ணிக்கை சொல்கிற இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம். இம்ப்ளான்ட் எந்தக் கம்பெனி, என்ன அளவு, எந்த பேட்ச் என்ற ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால், அது எந்த வகை என்று தெரியாமல் வேறு டாக்டர் திண்டாடுவார்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: 67 ஒரு வயதே இல்லை. இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்று இம்ப்ளான்டுக்கு வரம்பும் இல்லை. ஈறால் மெல்லுகிறவர்கள் நாளாவட்டத்தில் கறி, கடலை, பச்சைக் காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இட்லியிலும் குழைந்த சோற்றிலும் வந்து நிற்பார்கள். சர்க்கரைக்காரருக்கு அது எவ்வளவு கெடுதல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக நல்லி எலும்பைக் கடிக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். சாதா செட்டில் மெல்லும் பலம் சொந்தப் பல்லில் கால் பங்குகூடத் தேறாது. இரண்டு இம்ப்ளான்ட் இருந்தால் அதைவிட எவ்வளவோ மேல். மட்டன் சுக்கா சாப்பிடலாம். முன்பல்லால் கடித்து இழுக்காமல், இரண்டு பக்கக் கடைவாயிலும் வைத்து மெல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. வெளியே தெரியாது, வலியும் இல்லை. அப்படியே விட்டுவிடலாமா? இல்லை என்றால் பிரிட்ஜா, இம்ப்ளான்டா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: விட்டால் என்ன ஆகும் என்றால், பின்னால் இருக்கும் பல் காலியான இடத்துக்குள் மெதுவாகச் சாயும். நேர் மேலே இருக்கும் பல் கடிக்க ஆளில்லாமல் கீழே இறங்கி வரும். எல்லாருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு வருடம் போய்விட்டதால், முதலில் இடம் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும்.

இடம் இருந்தால் நான் கேட்கும் ஒரே கேள்வி: பக்கத்துப் பற்கள் இரண்டும் எப்படி? பிரிட்ஜ் என்பது அந்த இரண்டிலும் கேப் மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைப் பிடித்து நிறுத்துவது. அதற்கு அந்த இரண்டையும் சுற்றி ராவ வேண்டும். ராவிய பல் திரும்ப வளராது. சொத்தையே இல்லாத இரண்டு நல்ல பல்லை 34 வயதில் ராவ எனக்குக் கை வராது. அங்கே இம்ப்ளான்ட்தான் சரி. அதுவே பக்கத்துப் பற்களுக்கு ஏற்கெனவே வேர் சிகிச்சை ஆகி, எப்படியும் கேப் போட வேண்டிய நிலை என்றால், பிரிட்ஜ் இரண்டு மூன்று வாரத்தில் முடிகிற, செலவும் குறைகிற நல்ல வேலை. பிரிட்ஜ் பழைய காலத்து வைத்தியம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒற்றைப் பல்லைக் கழற்றி மாட்டும்படி கட்டுவது கைக்காசு சேரும்வரை தற்காலிகமாகச் செய்கிற வேலை. சின்னதாக இருப்பதால் தூக்கத்தில் விழுங்கிவிடும் ஆபத்து உண்டு; போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது.

கேள்வி: 58 வயது, கொடிக்கால் வேலை. வெற்றிலை, பாக்கு, புகையிலை பழக்கம் உண்டு. அதை விட முடியாது. மேலே நான்கு பல் இல்லை. இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு வெற்றிலை போடலாமா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் சண்டை அதற்குள் வைத்து மடிக்கிற மற்ற இரண்டோடுதான்.

புகையிலை ஈறுக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். புதிதாக வைத்த இம்ப்ளான்ட் பிடிக்காமல் போகவும், பிடித்தது பின்னால் கெடவும் வாய்ப்பு அதிகம். இன்னொரு விஷயம் இருக்கிறது. உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால், காரம் பட்டாலே வாய் எரிகிறது என்றால், பாக்கினால் கன்னத்தின் உள்தோல் இறுகிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். துளை போடும் கருவி உள்ளே நுழையவே வழியிருக்காது. அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலையும்கூட. புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அதனால் பல் கட்டும் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த வாரமே வாயைக் காட்டுங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, ஆறாத புண் ஏதாவது இருந்தால் அதுதான் முதல் வேலை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே பல் பிரிவு இருக்கிறது. இதெல்லாம் இல்லை, ஆனாலும் விட முடியாது என்றால், கழற்றி மாட்டும் பல்லே உங்களுக்குப் போதும். லட்சத்தைக் கொட்டி வைத்துவிட்டுப் புகையிலையை அதன் பக்கத்திலேயே அடக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: எலும்புத் தேய்மானத்துக்காக வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஊசி போட்டுக்கொள்கிறேன். வயது 63. இரண்டு இம்ப்ளான்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். அங்கே நான் என்ன மருந்து எடுக்கிறேன் என்று யாரும் கேட்கவே இல்லை. நானாகச் சொல்ல வேண்டுமா?
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: நாளைக்கே போய்ச் சொல்லுங்கள். அவர்கள் கேட்காமல் விட்டது தவறு.

நீங்கள் சொல்வது சோலெட்ரோனிக் ஆசிட் ஊசியாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் மாத்திரையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசியும் இதே வேலையைச் செய்பவை. எலும்பு கரைவதைத் தடுக்கும் நல்ல மருந்துகள்தான். ஆனால் இவற்றை எடுத்துக்கொள்கிறவர்களில் சிலருக்கு, பல் எடுத்த இடமோ தாடையில் துளை போட்ட இடமோ ஆறாமல் எலும்பு வெளியே தெரிய நின்றுவிடும். எலும்புத் தேய்மானத்துக்கு எடுக்கும் அளவில் இது அபூர்வம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக அதிக அளவில், அடிக்கடி போடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அவர்களுக்கு நான் இம்ப்ளான்ட் வைப்பதில்லை. உங்கள் விஷயத்தில் எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள், கூடவே ஸ்டீராய்டு மாத்திரை உண்டா என்பதையெல்லாம் பார்த்து இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். டெனோசுமாப்பைத் திடீரென்று நிறுத்தினால் முதுகெலும்பு முறியவே வாய்ப்பு உண்டு. பல்லுக்காக முதுகை விலையாகக் கொடுக்க முடியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற மற்ற வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன்: சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். தலை, கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள் அதை முதல் வாக்கியமாகவே சொல்ல வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. கபடி விளையாடும்போது முன்பல் ஒன்று வேரோடு விழுந்துவிட்டது. மண்ணில் தேடி எடுக்கவில்லை. உடனே இம்ப்ளான்ட் வைத்துவிடலாமா? பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்களாம்.
– வாசகர், அலங்காநல்லூர்

பதில்: இப்போது கூடாது. பையனின் தாடை இன்னும் வளர்கிறது. மற்ற பற்கள் தாடையோடு சேர்ந்து இறங்கும். இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டி வைத்த இடத்திலேயே நின்றுவிடும். இருபது வயதில் அந்தப் பல் மட்டும் மேலே ஏறிக் குட்டையாகத் தெரியும். வளர்ச்சி முடிந்ததா என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு அது 18-ஐத் தாண்டியும் போகலாம். அதுவரை கழற்றி மாட்டும் ஒற்றைப் பல்லோ, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டி நிறுத்தும் பல்லோ போதும். ஒட்டும் பல் என்றால் ராவ வேண்டியதில்லை, சிரித்தாலும் வித்தியாசம் தெரியாது. கபடிக்கும் தடையில்லை. பல் காப்பு ஒன்று அளவெடுத்துச் செய்து கொடுத்து அனுப்புங்கள். கழற்றும் பல்லாக இருந்தால் ஆட்டத்துக்கு முன் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு இனி உதவாது, அவனோடு விளையாடுகிற பிள்ளைகளுக்கு உதவும்: வேரோடு விழுந்த நிலைப்பல்லைத் தேடி எடுக்க வேண்டும். வேரைத் தொடாமல் தலைப்பக்கத்தைப் பிடித்து, மண் இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ லேசாக அலசி, முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்பச் செருகிவிடலாம். முடியாவிட்டால் பாலில் போட்டு, அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் கொண்டு வாருங்கள். தேய்க்கக்கூடாது, காகிதத்தில் மடிக்கக்கூடாது. ஆறேழு வயதுப் பிள்ளையின் பால் பல் என்றால் மட்டும் திரும்பச் செருக வேண்டாம்.

கேள்வி: அப்பா பல்செட்டை ராத்திரியும் கழற்றுவதில்லை. காலையில் கொதிக்கிற வெந்நீரில் போட்டுப் பற்பசை வைத்துத் தேய்க்கிறார். சரியா? ஒட்டும் பவுடர் வாங்கித் தரலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: மூன்றுமே மாற வேண்டும். ராத்திரி கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட வேண்டும். ஈறுக்கு மூச்சுவிட நேரம் வேண்டும், இல்லாவிட்டால் செட்டுக்கு அடியில் பூஞ்சை பிடித்து அண்ணம் சிவந்துவிடும். கொதிநீரில் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் வளையும். பற்பசை அதைக் கீறும். அந்தக் கீறலில் அழுக்கு தங்கும். மென்மையான பிரஷ்ஷும் சாதா சோப்பும் போதும். வாஷ்பேசினில் கொஞ்சம் தண்ணீர் நிறுத்திக்கொண்டு கழுவச் சொன்னால், கை தவறினாலும் உடையாது. பவுடர் கல்யாணம் காட்சிக்குப் போகும்போது போட்டுக்கொள்ளட்டும். தினமும் தேவைப்படுகிறது என்றால் செட்டு லூசாகிவிட்டது. மேலூர்க்காரருக்குச் சொன்ன ரீலைனை முதலில் கேளுங்கள்.